ஸ்டிக்கர் உரித்த கோன்கள்

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த வருஷம், காலை ஆறரை மணிக்கு அவளிடம் கேள்வி கேட்பது என் வேலையாக இருந்தது. மனைவி அடுப்படியில் நிற்பாள். எட்டு மணிக்கு மேல் அவள் ஒரு பனியன் கம்பெனிக்கும் நான் இன்னொரு பனியன் கம்பெனிக்கும் கிளம்ப வேண்டும். மண்ணரையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு அறையும் அடுப்படியும்தான். கட்டிலின் ஒரு முனையில் மகள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மறுமுனையில் நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவள் பென்சிலால் குறித்திருக்கும் கேள்விகளை எழுத்துக்கூட்டி வாசிப்பேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கேள்வியை நான் வாசித்து முடிப்பதற்குள் அவள் பதிலைச் சொல்லி முடித்துவிடுவாள். 'குன்றல் பகுப்பு' என்பதைக் 'குன்றின் பகுப்பு' என்று ஒரு வாரம் வாசித்தேன். "எந்தக் குன்றுப்பா, சென்னிமலையா?" என்றாள். இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, அதை அவளே படித்துக்கொள்வதாகச் சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த பாடம் மரபியல். பட்டாணிச் செடியும் உருண்டை விதையும் சுருங்கிய விதையுமாக நான்கு நாள் நிம்மதியாகப் போயிற்று.

ஐந்தாம் நாள் நான் வாசித்த கேள்வி இது: நிறக்குருடு பெண்களைவிட ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுவது ஏன்?

அவள் கண்ணைத் திறக்காமல், சிவப்பு பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாத நிலை என்று தொடங்கினாள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒடுங்கு ஜீன், ஆணுக்கு ஒரு எக்ஸ், பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் என்று மழை மாதிரி கொட்டிக்கொண்டே போனாள். நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "சரியாப்பா?" என்றாள். சரி என்றேன். பதில் சரியா என்று நான் பார்க்கவே இல்லை. 'குருடு' என்ற எழுத்திலேயே என் கண் நின்றுவிட்டது.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. அப்போது இது என் மனைவிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது, கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதும், அது பாடப் புத்தகத்தில் அச்சாகி வருவதும் எனக்கே அன்றுதான் தெரிந்தது. நீலம் எனக்குத் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பு, பச்சை, காப்பிப்பொடி நிறம், இலைச் சருகு நிறம் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. தனித்தனியாக வந்தால் யார் எவர் என்று தெரியாது. ஆறாம் வகுப்பில் தென்னை ஓலைக்குக் காப்பிப்பொடி நிறத்தைத் தீட்டிவிட்டு, வாத்தியாரைக் கேலி செய்கிறேன் என்று அடி வாங்கினேன். பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அது காரணமில்லை. அப்பா படுத்துவிட்டார், குடும்பம் தெற்கேயிருந்து திருப்பூருக்கு வந்தது, நானும் வேலைக்குப் போனேன். ஆனாலும் வண்ணப் பென்சிலை இனித் தொட வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

வந்து மாட்டிக்கொண்டது வண்ணத்திலேயே. கம்பெனியில் என் வேலை நூல் ஸ்டோரில். தையல் நூல் கோன்களை அடுக்கி வைத்து, எந்தத் துணிக்கு எந்த நூல் என்று பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் பச்சைக்குப் பழுப்பைக் கொடுத்து ஒருமுறை திட்டு வாங்கினேன். அதன்பிறகுதான் ஒவ்வொரு கோனின் அடிவாயிலும் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் இருப்பதையும் அதில் அந்த நிறத்துக்கான ஷேட் நம்பர் இருப்பதையும் கவனித்தேன். அன்றிலிருந்து நான் நிறத்தைப் பார்த்ததே இல்லை, நம்பரைத்தான் பார்த்தேன். ஸ்டோர் நோட்டில் ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே நிறத்தின் பெயர் இருக்கும். ஸ்டிக்கரைப் படித்து, நோட்டைப் பார்த்து, மறுபடியும் ஸ்டிக்கரைப் படித்துத்தான் கோனைக் கையில் கொடுப்பேன். புது ஆட்களிடம் சூப்பர்வைசர் என்னைக் காட்டி, ஸ்டோர் அண்ணன் மாதிரி வேலையில் கவனம் வேண்டும் என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்று காலை மகள் குளிக்கப் போன நேரத்தில் அந்தப் பக்கத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஆணைச் சதுரமாகவும் பெண்ணை வட்டமாகவும் போட்டுக் குடும்பப் படம் வரைந்திருந்தார்கள். குறை உள்ளவர்களுக்கு உள்ளே கருமை தீட்டியிருந்தது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. நான் மனைவியை எட்டிப் பார்த்தேன். அவள் என் தாய்மாமன் மகள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பெரியவர்கள் பிடித்து வைத்த கல்யாணம் எங்களுடையது.

கம்பெனிக்குப் போய் ஒரு பழைய டெலிவரி சீட்டின் பின்பக்கம் நானும் வரைந்தேன். நான் ஒரு சதுரம், எனக்குக் கருமை. என் தாய்மாமன் ஒரு சதுரம். அவருக்குக் கருமை போடலாமா வேண்டாமா என்று யோசித்தபோது மிளகாய்த் தோட்டம் நினைவுக்கு வந்தது. ஊரில் மிளகாய்ப்பழம் பறிக்கும் நாட்களில் மாமாவின் கூடையில் மட்டும் பாதி பச்சைக் காயாகக் கிடக்கும். 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு' என்று தோட்டக்காரர் சத்தம் போடுவார். பிறகு அவரைப் பறிக்க விடாமல் மூட்டை சுமக்க வைத்தார்கள். நாங்கள் சிரித்திருக்கிறோம். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் கூடையிலும் பச்சைக் காய்தான் கிடந்தது, நான் சின்னப் பையன் என்று விட்டுவிட்டார்கள்.

மாமாவுக்குக் கருமை தீட்டினேன். புத்தகப்படி பார்த்தால், அப்பனுக்கு இருந்தால் மகள் கடத்தி. அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் உடம்பில் அது இருக்கும். அப்படியானால் என் மனைவி கடத்தி. கடத்திக்கும் குறை உள்ளவனுக்கும் பிறக்கிற பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தின் அடியில் கட்டம் போட்டுக் காட்டியிருந்தது. பாதிக்குப் பாதி. பெண்களிடம் இது அரிது என்று மேலே ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் முழுக்க ஓட்டினேன். அரிது என்பது மற்ற குடும்பங்களுக்கு என்று சாயங்காலம் தோன்றியது. எங்களுக்குத்தான் இரட்டைக் கோடு இருக்கிறதே.

மகளுக்கு லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர ஆசை. அவளுடைய உயிரியல் டீச்சர் ஒருநாள் மைக்ரோஸ்கோப்பில் சாயம் ஏற்றிய வெங்காயத் தோலைக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. ரத்தத்தில் சாயம் ஊற்றிப் பார்ப்பார்கள், சிறுநீரில் மருந்து ஊற்றி நிறம் மாறுவதைப் பார்ப்பார்கள், எல்லா நோயும் கலரில் தெரிந்துவிடும் என்பாள். அந்தப் படிப்பே கலரில்தான் ஓடுகிறது. அங்கே போய் அவள், தென்னை ஓலைக்குக் காப்பிப்பொடி தீட்டிய நான் நின்ற மாதிரி நிற்பாளோ?

அவளைக் கேட்டுவிடலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். என்னுடையது வெளியே வரும். அவளுக்கு ஒன்றுமில்லை என்றால் வீணாக என் மானம் போனது. அவளுக்கு இருந்தால், செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் தலையில் நான் கல்லைத் தூக்கிப் போட்டது. இருந்தால் அவளுக்கே தெரியாதா என்றும் நினைத்தேன். அதற்கும் பதில் என்னிடமே இருந்தது. எனக்கு இருப்பது இத்தனை வருஷமாக யாருக்குத் தெரிந்தது? மறைக்கிறவனுக்குப் பிறந்தவள் மறைக்க மாட்டாளா?

அதிலிருந்து நான் அவளை வேவு பார்க்க ஆரம்பித்தேன். சர்க்கரைச் சோதனையின் நிறங்களை அவள் வீட்டில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வாள்: நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு. பார்த்தால் தெரிவதை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? நான் நம்பரை மனப்பாடம் செய்கிற மாதிரியே இருந்தது. ஒருநாள் சுடிதாருக்குத் துப்பட்டா எடுக்கும்போது அம்மாவிடம், "இது மேட்ச் ஆகுதாம்மா?" என்று கேட்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சின்ன வகுப்பில் வரைந்த படங்கள் ஒரு கவரில் பீரோவுக்கு மேல் இருந்தன. எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மரம், வீடு, கிளி. பார்த்துவிட்டுத் திரும்பக் கவரில் போட்டேன். கிளிக்கு அவள் தீட்டியிருப்பது பச்சையா சிவப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? சோதிக்கிறவனுக்கே அந்தப் பாடம் தெரியாது.

பொங்கல் கழிந்து அவளே வழி காட்டினாள். பள்ளிக்கூடத்தில் டி.என்.ஏ. மாதிரி ஒன்று செய்துவரச் சொல்லியிருக்கிறார்களாம். முறுக்கிய ஏணி மாதிரி இருக்கும், படிக்கட்டுகளில் நான்கு நிறத்தில் நூல் சுற்ற வேண்டும். சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே நீலம். "மீதி நூல் கொஞ்சம் கொண்டாங்கப்பா. நீங்கதான் நூல் ஸ்டோர் ராஜாவாச்சே" என்றாள். நான் கொண்டுவந்தால் சிவப்புக்கு எதிரே சிவப்பே நிற்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இது ஆண்டவனாகப் பார்த்து அனுப்பிய சோதனை என்று பட்டது. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கம்பெனிக்கு வந்து நீயே எடுத்துக்கொள் என்றேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோரில் யாரும் இல்லை. பாதி ஓடிய மீதிக் கோன்கள் பன்னிரண்டை எடுத்து ஒரு அட்டைப்பெட்டியில் வரிசையாக வைத்தேன். பிறகு ஒரு பயம் வந்தது. அவளும் என்னைப் போல ஸ்டிக்கரைப் பார்த்துப் பழகியவளாக இருந்தால்? அதனால் பன்னிரண்டு ஸ்டிக்கரையும் நகத்தால் நோண்டி உரித்தேன். உரித்ததைக் கோன்கள் இருந்த அதே வரிசையில், அவள் கண்ணில் படாமல், மேஜையின் என் பக்கத்து விளிம்பில் ஒட்டி வைத்தேன். அவள் ஒன்றை எடுத்துப் பச்சை என்றால், அது பெட்டியில் எத்தனையாவது என்று பார்த்து, மேஜையில் அத்தனையாவது நம்பரை நோட்டோடு ஒத்துப் பார்க்கலாம். யோசித்து யோசித்துச் செய்ததுதான்.

அவள் வந்தாள். வாட்ச்மேன் அவளிடம் படிப்பை விசாரித்த சத்தம் கேட்டது. உள்ளே வந்து பையை வைத்தாள். பெட்டியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் தூக்கி அப்படியே மேஜையில் கவிழ்த்தாள்.

பன்னிரண்டு கோன்களும் உருண்டு ஓடின. இரண்டு கீழே விழுந்தன. அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டே, ஏன் எதிலும் ஸ்டிக்கர் இல்லை என்று கேட்டாள். பழசு, உதிர்ந்துவிட்டது என்றேன். அவள் ஒரு நிமிஷத்துக்குள் நான்கு கோன்களைத் தனியே எடுத்து, அட்டைத் துண்டுகளில் வேண்டிய நூலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். மஞ்சளும் நீலமும் சரி என்று எனக்கே தெரிந்தது. மற்ற இரண்டையும் அவள் தயங்காமல் எடுத்தாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. தயங்காமல் எடுப்பதற்கு என்ன, நானும்தான் தினமும் தயங்காமல் கோன் எடுத்துக் கொடுக்கிறேன்.

எனக்கு முன்னால் இப்போது பேர் இல்லாத பன்னிரண்டு கோன்கள் கிடந்தன. திங்கட்கிழமை இவை தையலுக்குப் போக வேண்டும்.

"பாப்பா, ஒவ்வொண்ணும் என்ன கலர்னு சொல்லு, எழுதிக்கறேன்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததாப்பா?"

"நீ சொல்லு. கண்ணாடி கொண்டாரல."

கடகடவென்று சொன்னாள். கருநீலம், மஞ்சள், பாட்டில் பச்சை, செங்கல் கலர், பாசிப் பச்சை என்று அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கோனுக்குள்ளும் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செருகினேன். ஒன்றை மெரூன் என்றாள். கடைசிக்கு முந்தினதைத் தூக்கி, "இதுவும் மெரூன்தான்" என்றாள். அவள் போன பிறகு நோட்டைத் திறந்து, அவள் சொன்ன பெயர்களையும் நோட்டில் இருந்த பெயர்களையும் ஜோடி சேர்த்து ஸ்டிக்கர்களைத் திருப்பி ஒட்டினேன். செங்கல் என்றது ரஸ்ட். பாசி என்றது ஆலிவ். பத்து சேர்ந்துவிட்டன. இரண்டு மிஞ்சின. நோட்டில் ஒரு மெரூன்தான் இருந்தது. மற்றது வைன். இரண்டு கோனையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு இரண்டும் கருப்பட்டி. ஒன்றில் மெரூன் ஸ்டிக்கரை ஒட்டினேன், மற்றதில் வைன். குத்துமதிப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் மகள் ஐஸ் குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி, சந்தனக் கலர் சேலைக்கு ஜாக்கெட் தைக்கிற மாதிரி என்ன கவனம் பாரு என்று கேலி செய்தாள். ஏணியின் நிறங்கள் சரி என்றும் அவள் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் போலிருந்தது.

திங்கட்கிழமை மெரூன் டி-சர்ட் நாற்பது பீஸ் மீதியிருக்கிறது, கழுத்துக்கு மேல்தையல் போட நூல் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். மெரூன் என்று ஒட்டிய கோனைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு ஸ்டோரில் உட்கார முடியவில்லை. மூன்று முறை தையல் மெஷின்கள் பக்கம் போனேன். துணியைப் பார்த்து எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. தைக்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், செக்கிங் பெண்கள் யாராவது பீஸை வெளிச்சத்துக்குத் தூக்குகிறார்களா என்று பார்த்தேன். என் மகளின் கண்ணுக்கு இங்கே பரீட்சை நடக்கிறது, பேப்பர் திருத்துகிறவர்களுக்கே அது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணி டீக்கு முன்னால் சூப்பர்வைசர் ஒரு டி-சர்ட்டோடு வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், தோட்டம் வைத்திருக்கிற உள்ளூர்க் குடும்பம். கோபத்திலும் மரியாதை குறையாது.

"ஏனுங்ணா, இதைச் செத்த பாருங்க. நூலு கலரு துணியோட ஒட்டவே இல்லீங்களே."

வாங்கிப் பார்த்தேன். துணியும் நூலும் எனக்கு ஒன்றாகத்தான் இருந்தன.

"ரொம்ப வித்தியாசமாத் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியலீங்களா?"

"வெளிச்சம் பத்தல."

"என்னங்ணா நீங்களே இப்படி. எந்தக் கண்ணு தெரியாதவன் ஸ்டிக்கர் ஒட்டுனான்னு நூல் கம்பெனிக்காரங்களைத்தான் கேக்கோணும்."

ஸ்டிக்கர் மாறிவிட்டது போலிருக்கிறது என்றேன். வைன் என்று ஒட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் துணியில் வைத்துப் பார்த்துவிட்டு, இதுதான் என்று கொண்டு போனார். தைத்த இருபது பீஸையும் பிரித்துத் தைக்கச் சொன்னார். அவர் அதோடு மறந்திருப்பார். என்னால் முடியவில்லை. மெரூன் ஒன்று, வைன் ஒன்று. ஊருக்கே தெரிகிற வித்தியாசம் என் மகளுக்குத் தெரியவில்லை. இதுவும் மெரூன்தான் என்றாளே. பாதிக்குப் பாதியில் அவள் எந்தப் பாதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அவள் விசாரித்து வைத்திருந்த காலேஜ் பேப்பரைப் பார்த்தேன். மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். காய்ச்சலா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு மகள் வழக்கம்போல் கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். நான் புத்தகத்தைத் திறந்தேன், மூடினேன். "பாப்பா, உனக்குச் சிவப்பும் பச்சையும் வேற வேறயாத் தெரியுதா?" என்று கேட்டேன். இதைச் சொல்ல எத்தனையோ விதமாக வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். வந்தது இதுதான்.

அவள் கண்ணைத் திறந்தாள். பாடத்தில் கேட்கிறேன் என்று முதலில் நினைத்துக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியுமே. ஏம்ப்பா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர் நம்பர், மாமாவின் மிளகாய்க் கூடை, இரட்டைக் கோடு, பெட்டியில் வைத்த பன்னிரண்டு கோன், இருபது பீஸ். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"மெரூனும் வைனும் எனக்கே மாறும் மச்சான்" என்றாள் அவள். "பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும். இதுக்கா ரெண்டு நாளாச் சாப்பிடாமக் கெடந்தீக?" பிறகு, "எங்கப்பாவுக்குமா?" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "பாவம், அவுகளை எம்புட்டுப் பேசுனாங்க அந்தத் தோட்டத்துல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் என்னிடம் சொல்லவில்லையே என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அதை அவள் அடுத்த மாதம்தான் கேட்டாள், ஒரு நாளல்ல, பல நாள்.

மகளுக்கு மட்டும் ஒரு வேகம் வந்துவிட்டது. இந்தப் பாடம் நடத்தியபோது டீச்சர் போனில் புள்ளிப் படங்களைக் காட்டியிருக்கிறார். வட்டத்துக்குள் பல நிறப் புள்ளிகள், அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும், கண் சரியாக இருந்தால் தெரியும். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்ததாம். அவள் என் போனை எடுத்து அதைத் தேடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதல் படத்தில் பன்னிரண்டு என்ற எண் எனக்கும் தெரிந்தது. ஒரு நொடி எனக்கே எல்லாம் சரியாகிவிட்டது போல் இருந்தது. அது எல்லோருக்கும் தெரிகிற படம், சும்மா ஆரம்பத்துக்கு வைத்திருப்பது என்றாள்.

அடுத்த படத்தில் புள்ளிகள் மட்டும் இருந்தன. நான் போனைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டே பிடித்தேன். எட்டு என்றாள் மகள். மனைவி எங்கள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கேட்காமலே, "எட்டுதான், பெருசா இருக்கே" என்றாள்.

எனக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. "நீ சொல்லாத" என்று மகளிடம் சொன்னேன். அவளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த படத்தை மனைவியிடம் காட்டி எண்ணைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். பிறகு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதே எண்ணைச் சொன்னாள். அடுத்ததற்கும் அப்படியே. இருவரையும் மாற்றி மாற்றி அடுப்படிக்கு அனுப்பினேன். குழம்பு அடிபிடிக்கப் போகிறது என்று மனைவி சத்தம் போட்டாள். "ஹால் டிக்கெட் குடுங்கப்பா" என்றாள் மகள். நான் விடவில்லை. பத்துப் படத்துக்கும் பார்த்தேன். எனக்கு வெறும் புள்ளி தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் அவர்கள் இருவரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள். பத்தாவதில் எண்ணைச் சொல்லிவிட்டு, போதுமா என்பது போல் மகள் என்னைப் பார்த்தாள்.

அவள் புத்தகத்தை என் மடியிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப நான் கடத்திதான்ப்பா. அதுல பாதியெல்லாம் கிடையாது. உங்களுக்கு இருந்தா அந்த ஜீன் எனக்குக் கண்டிப்பா இருக்கும்."

அந்த வரி அதே கட்டத்தில்தான் இருந்தது. எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். மற்றப் பாதியையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது என் கண்ணிலேயே படவில்லை. அவளுக்குப் பையன் பிறந்தால் என்ன என்று நான் அப்போதே கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதிக்குப் பாதி. ஊரில் என் மனைவியின் அண்ணன் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான், முறை வருகிறது என்று போன தீபாவளிக்கே யாரோ பேச்செடுத்தார்கள். அண்ணனுக்கு மாமாவின் எக்ஸ் போகாது, அது புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அண்ணனுடைய மனைவியும் சொந்தம்தான், அவள் அப்பா யார்...

"அப்பா," என்றாள் மகள். "எட்டு ஆகப்போகுது. அடுத்த கேள்வி கேளுங்க."